வளையாத பொருள்

கோடையில் செய்யாறு வெறும் மணலாகக் கிடக்கும் மாதங்களில், கலசப்பாக்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போர்வெல் வண்டிகள் வந்து நிற்கும். பெரும்பாலும் திருச்செங்கோட்டு வண்டிகள். மேற்கே பர்வதமலையும் அதற்குப் பின்னால் ஜவ்வாது மலைத்தொடரும் தெரியும் வயல்களில், மேல்மண்ணைத் தாண்டியதும் பாறைதான். கம்ப்ரசர் காற்றில் இயங்கும் ஹேமர், குழிக்குள் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை அந்தப் பாறையை அடிக்கிறது. அடிக்கும் முனையை எல்லோரும் ‘பிட்’ என்கிறார்கள். ஆறரை அங்குல விட்டமுள்ள எஃகுத் தலை அது. அதன் முகத்தில் சுண்டைக்காய் அளவில் சாம்பல் நிறக் குமிழ்கள் பதிந்திருக்கின்றன. வண்டிக்காரர்கள் அவற்றைப் ‘பட்டன்’ என்பார்கள். பாறையை உடைப்பவை அந்தப் பட்டன்கள்தான். அவற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது மட்டுமே எஃகின் வேலை.

பட்டன் முழு உலோகமன்று. டங்ஸ்டன் கார்பைடு என்னும் செராமிக் துகள்களைக் கோபால்ட் உலோகத்தால் இறுக்கிப் பிணைத்த கலப்பு அது. 1923இல் ஜெர்மனியின் ஓஸ்ராம் விளக்கு நிறுவனத்தில் கார்ல் ஷ்ரோட்டர் இதற்குக் காப்புரிமை கோரியபோது, அவர் மனத்தில் பாறை இல்லை. மின்விளக்குக்கான டங்ஸ்டன் இழையை மெல்லிதாக இழுக்கும் அச்சுதான் அவருக்குத் தேவைப்பட்டது. அதுவரை அதற்கு வைரத்தைப் பயன்படுத்தினார்கள். 1926இல் க்ரூப் நிறுவனம் அதையே ‘விடியா’ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. ‘வைரம் போல’ என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களின் சுருக்கம் அது. வெறும் டங்ஸ்டன் கார்பைடில் பட்டன் செய்திருந்தால் முதல் சில அடிகளிலேயே சிதறியிருக்கும். துகள்களுக்கு இடையே ஓடும் கோபால்ட், விரிசல் வரும்போது சற்றே நீண்டு கொடுத்து அதை நிறுத்துகிறது. கடினத்தைத் தருவது செராமிக், பொறுமையைத் தருவது உலோகம்.

இந்தக் கூட்டு ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வியில்தான் உயர்தொழில் செராமிக்குகளின் முழுக் கதையும் இருக்கிறது. அலுமினா, சிலிக்கான் கார்பைடு, சிர்கோனியா, சிலிக்கான் நைட்ரைடு, போரான் கார்பைடு என்று பெயர்கள் நீளும். இவை எஃகை விடக் கடினமானவை, எடையில் குறைந்தவை. எஃகு உருகும் வெப்பத்திலும் பல உருகாமல் நிற்கும். அமிலமும் உப்பும் இவற்றை அவ்வளவு எளிதில் அரிப்பதில்லை. இத்தனை இருந்தும் நாம் ஏன் பாலங்களையும் சைக்கிள்களையும் செராமிக்கில் செய்வதில்லை? காரணம் ஒன்றுதான். இவை வளைவதில்லை.

ஓர் இரும்புக் கம்பியை வளைக்கும்போது அதனுள் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. உலோகப் பிணைப்பு அப்படி நகர இடம் கொடுக்கும். பக்கத்து அணு மாறினாலும் பிணைப்பு அறுவதில்லை. செராமிக்கில் ஒவ்வோர் அணுவும் குறிப்பிட்ட திசையில், குறிப்பிட்ட துணையோடு இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. அடுக்கு நகர்ந்தால் பிணைப்பே முறிந்துவிடும். கடினத்துக்கும் வெப்பம் தாங்குவதற்கும் காரணமான அதே கட்டுதான், பாரத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாமல் அதை உடையவும் வைக்கிறது. குணமும் குறையும் ஒரே வேரில் இருப்பதால், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் களைய வழியில்லை.

இதை நம் ஊர்க் கல் தச்சர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். கருங்கல்லும் இயற்கை செய்து வைத்த ஒரு செராமிக்தான். கலசப்பாக்கத்திலிருந்து அரை மணி, முக்கால் மணிப் பயணத்தில் இருக்கும் திருவண்ணாமலைக் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில், தூண்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்று கேட்டுப் பார்க்கலாம். கல் பெரும் அழுத்தத்தையும் தாங்கும், ஆனால் இழுவிசையைத் தாங்காது. உத்தரக் கல் தன் பாரத்தில் தொய்யும்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. நீளம் கூடினால் அங்கேதான் விரிசல் விழும். அதனால் உத்தரத்தைக் குட்டையாக்கி, தூண்களைக் கூட்டினார்கள். இன்று செராமிக் உறுப்பு வடிவமைக்கும் பொறியாளரும் முதலில் செய்வது இதையேதான். அலுமினா அழுத்தத்தில் தாங்கும் பாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் இழுவிசையில் தாங்கும். ஆகவே அந்த உறுப்பு எப்போதும் அழுந்தியே இருக்கும்படி, இழுபடவே விடாதபடி இடம் அமைக்கிறார்.

விரிசலுக்குக் கணக்கு எழுதியவர் ஆலன் ஆர்னால்டு கிரிஃபித். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தில் இருந்தவர். 1921இல் வெளியான அவரது ஆய்வு கண்ணாடி இழைகளைப் பற்றியது. ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடித்த இழை, 170 மெகாபாஸ்கல் அளவிலேயே அறுந்தது. அதே கண்ணாடியை 3 மைக்ரான் அளவுக்கு மெல்லிதாக இழுத்தபோது அது 3,400 மெகாபாஸ்கல் வரை தாங்கியது, இருபது மடங்கு. பொருள் மாறவில்லை. மெல்லிய இழையில் பெரிய விரிசல் ஒளிந்திருக்க இடமில்லை, அவ்வளவுதான். உடையும் பொருளின் வலிமை அதன் அணுக்களைப் பொறுத்ததில்லை, அதற்குள் இருக்கும் மிகப் பெரிய குறையைப் பொறுத்தது என்று கிரிஃபித் காட்டினார். விரிசல் நான்கு மடங்கு பெரிதானால் வலிமை பாதியாகும்.

எண்ணில் பார்த்தால் திகைப்பாக இருக்கும். 300 மெகாபாஸ்கல் இழுவிசை தாங்க வேண்டிய ஓர் அலுமினா உறுப்பில், ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கு ஒரே ஒரு விரிசலோ காற்றுத்துளையோ இருந்தால் போதும். அங்கிருந்து அது பிளந்துவிடும். சாதாரண எஃகில் அதே அளவுக் குறை எந்தத் தொல்லையும் தராது, எஃகு அந்த இடத்தில் கொஞ்சம் நெளிந்து விரிசலின் கூர்முனையை மழுக்கிவிடும். தொழிற்கூட செராமிக்கின் நூறாண்டு வரலாற்றை நான் இந்த ஒரே கோணத்தில்தான் பார்க்கிறேன். கடினமான பொருளைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையாக இருக்கவில்லை. அதற்குள் இருக்கும் குறையைத் தேடி, சிறிதாக்கி, மிஞ்சியதை அடக்கி வைப்பதுதான் வேலையாக இருந்திருக்கிறது.

அந்த வேலை தூளில் தொடங்குகிறது. குயவர் குளத்து மண்ணைச் சலித்து, கல்லும் வேரும் பொறுக்கி, மிதித்துப் பிசைவதன் நோக்கமும் இதுதான். தொழிற்கூடத்தில் அலுமினாத் தூள் மைக்ரான் அளவுக்கும் கீழே அரைக்கப்படுகிறது. அதை அச்சில் அழுத்தி, ஏறத்தாழ 1,600 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். அலுமினா உருகுவது 2,050 டிகிரியில். ஆகவே சூளையில் எதுவும் உருகுவதில்லை. துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் அணுக்கள் ஊர்ந்து இடைவெளியை நிரப்ப, பொருள் சுருங்கி இறுகுகிறது. நீளவாக்கில் 15 முதல் 20 சதவீதம் வரை சுருக்கம் இருக்கும். ஒரு பக்கம் தூள் கொஞ்சம் நெருக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால், சுருக்கம் சீராக இராது, உறுப்பு கோணிப்போகும். சுட்ட பிறகு திருத்த வேண்டுமானால் பெரும்பாலும் வைரத் தூள் பதித்த சக்கரம்தான் வேண்டும். செராமிக் உறுப்பின் விலையில் பெரும்பகுதி அந்த வைரத் தேய்ப்பில் போகிறது. மூலப்பொருள் விலையை வைத்து இதை மதிப்பிடுபவர்கள் தவறிப்போவது இங்கேதான்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலின் கதை திருவொற்றியூரில் ஆரம்பிக்கிறது. 1954இல் முருகப்பா குழுமமும் அமெரிக்காவின் கார்போரண்டம் நிறுவனமும் பிரிட்டனின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் நிறுவனமும் சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கின. பெயரிலேயே ஒரு செராமிக் இருக்கிறது. 1890களின் தொடக்கத்தில் எட்வர்டு ஆச்சிசன் களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து, நடுவில் மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கினார். மின்முனையில் ஒட்டியிருந்த மின்னும் படிகங்கள் கண்ணாடியைக் கீறின. கரியும் கொரண்டம் என்னும் கனிமமும் சேர்ந்த பொருள் என்று நினைத்து அவர் வைத்த பெயர் கார்போரண்டம். உண்மையில் அது சிலிக்கான் கார்பைடு. பெயர் தவறு, பொருள் சரி.

சாணைச் சக்கரத்தைப் பொருத்துவதற்கு முன்பு இன்றும் ஒரு சோதனை செய்கிறார்கள். சக்கரத்தைத் தொங்கவிட்டு மரப்பிடியால் மெல்லத் தட்டுவார்கள். மணி போல ஒலித்தால் நல்லது. சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே விரிசல் இருக்கிறது, ஒதுக்கிவிட வேண்டும். சந்தையில் பானை வாங்கும் எந்தப் பெண்மணியும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது இதே சோதனைதான். விரிசலின் இரு முகங்களும் ஒன்றோடொன்று உரசி ஒலி அலையை விழுங்கிவிடுகின்றன. ஜவ்வாது மலையை ஒட்டிய பையம்பள்ளியில் 1960களில் தொல்லியல் துறை அகழ்ந்தெடுத்த புதிய கற்காலத்துச் சாம்பல் நிறப் பானை ஓடுகளைச் செய்த கைகளும் தட்டிப் பார்த்துத்தான் தேர்ந்திருக்கும் என்று நம்புவதில் தவறில்லை.

அதே கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் ஓசூரில் தொழிற்கூட செராமிக்குகளைத் தனியாகச் செய்கிறது. அங்கே தயாராகும் ஒரு பொருளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஊர்த் துணைமின் நிலையத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கருக்குள், உள்ளே வெற்றிடமான ஒரு வெள்ளை உருளை இருக்கிறது. அது அலுமினா. அதன் இரு முனைகளிலும் உலோக மூடி, காற்று ஓர் அணுவும் நுழையாதபடி பல ஆண்டுகளுக்கு ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் உருகிய உலோகம் அலுமினாமேல் ஒட்டாது, தாமரை இலைத் தண்ணீராக உருளும். அதனால் மாலிப்டினமும் மாங்கனீசும் கலந்த பூச்சை விளிம்பில் தடவி, ஈரமான ஹைட்ரஜன் சூழலில் சுடுகிறார்கள். பூச்சு செராமிக்குக்குள் வேர் விடுகிறது. அதன்மேல் நிக்கல் பூசி, பிறகு உலோகத்தைப் பற்றவைக்கிறார்கள். வயலில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கோ கம்பி அறுந்து விழுந்தால், மின்பொறி அணைவது அந்த வெள்ளை உருளைக்குள்தான்.

மோட்டாரோடு இணைந்த பம்பிலும் செராமிக் இருக்கிறது. சுழலும் தண்டின் வழியே தண்ணீர் கசியாமல் தடுக்க முன்பு கிளாண்டுக் கயிறு சுற்றினார்கள். இப்போது ‘சீல்’ போடுகிறார்கள். ஒரு கார்பன் வளையமும் ஒரு செராமிக் வளையமும் முகத்தோடு முகம் உரசிச் சுழலும். இரண்டுக்கும் நடுவே மைக்ரான் கனத்தில் ஒரு தண்ணீர்ப் படலம். செய்யாற்றங்கரைக் கிணறுகளைப் போல மணல் கலந்த தண்ணீர் என்றால், மணலில் உள்ள குவார்ட்ஸ் கார்பனைச் சீக்கிரம் அரித்துவிடும். அங்கே இரு பக்கமும் சிலிக்கான் கார்பைடு போட்டால் சீல் நெடுநாள் நிற்கும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, அலுமினா 9, சிலிக்கான் கார்பைடு 9க்கும் மேல். எது எதைக் கீறும் என்பது இந்த வரிசையிலேயே தெரிந்துவிடுகிறது. அனல்மின் நிலையங்களில் நிலக்கரித் தூள் செல்லும் குழாய் வளைவுகளுக்குள் அலுமினா ஓடுகள் பதிப்பதும் இதே கணக்கில்தான். நம் நாட்டு நிலக்கரியில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல், அதில் குவார்ட்ஸ் ஏராளம். வெறும் எஃகு வளைவை அது ஓட்டையாக்கிவிடும்.

இரு சக்கர வண்டியின் ஸ்பார்க் பிளக்கை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த வெள்ளைக் கழுத்து அலுமினா. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் நான்கு வீச்சு எஞ்சினில் அது நொடிக்கு 25 முறை பல ஆயிரம் வோல்ட்டைத் தடுத்து நிறுத்துகிறது. கீழ் நுனி நெருப்பில், மேல் நுனி காற்றில். உயர்தொழில் செராமிக் என்றதும் விண்வெளியை நினைக்கிறோம். பத்து ரூபாய்த் தேநீர் குடிக்க வண்டியில் போகிறவரின் முழங்காலுக்குக் கீழேயே அது ஓடிக்கொண்டிருக்கிறது.

குறையைச் சிறிதாக்குவது ஒரு வழி. விரிசல் வந்த பிறகும் அதை மறித்து நிறுத்துவது இன்னொரு வழி. இரண்டாவது வழியின் அழகான எடுத்துக்காட்டு சிர்கோனியா. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இந்திய அரிய மணல் நிறுவனம் பிரித்தெடுக்கும் சிர்கான், இதன் தாய்க் கனிமம். தூய சிர்கோனியாவைச் சுட்டு ஆறவிட்டால், ஏறத்தாழ 1,170 டிகிரிக்குக் கீழே அதன் படிக வடிவம் மாறி, பருமன் 4 சதவீதம் அளவுக்குப் பெருத்து, தானே நொறுங்கிவிடும். நெடுங்காலம் அதைப் பயனற்ற குணமாகவே பார்த்தார்கள். 1975இல் ஆஸ்திரேலியாவின் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ ஆகிய மூவரும் அந்தக் குணத்தையே வலிமையாக்க முடியும் என்று காட்டினார்கள். யிட்ரியா போன்ற ஆக்சைடைச் சிறிது சேர்த்தால், உயர்வெப்ப வடிவம் அறை வெப்பத்திலும் இறுக்கமாகக் காத்திருக்கும். விரிசல் ஒன்று வந்தால், அதன் நுனியில் உள்ள துகள்கள் அந்த நொடியில் வடிவம் மாறிப் பெருக்கின்றன. பெருத்த துகள்கள் விரிசலை இரு பக்கமும் நெருக்கி வாயை மூடுகின்றன. உடைப்புக்குக் காரணமான பெருக்கமே உடைப்பை அடைக்கிறது.

சிர்கோனியா முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. 2001இல் இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கான சிர்கோனியாப் பந்துகள், நோயாளிகளின் உடலுக்குள்ளேயே எதிர்பாராத எண்ணிக்கையில் உடைந்தன. உலகளவில் திரும்பப் பெறப்பட்டன. தூள் அதே தூள், செய்தவர்கள் அனுபவசாலிகள். முன்பு தொகுதி தொகுதியாகச் சுட்ட சூளையை மாற்றி, நகரும் சுரங்கச் சூளைக்குப் போயிருந்தார்கள். ஆறும் வேகம் மாறியது. ஈரமான உடல் சூழலில் வடிவ மாற்றம், நடக்கக் கூடாத வேகத்தில் நடந்தது. சூளையை மாற்றினால் பானையும் மாறும் என்பது எந்தக் குயவருக்கும் தெரிந்த பாடம். மருத்துவத் தர செராமிக்கிலும் அதற்கு விலக்கில்லை.

1980களில் உலகம் முழுவதும் ‘செராமிக் எஞ்சின்’ பற்றிய கனவு இருந்தது. குளிர்விக்கவே தேவையில்லாத எஞ்சின், ரேடியேட்டர் இல்லாத கார். 1985இல் நிசான் நிறுவனம் சிலிக்கான் நைட்ரைடில் செய்த டர்போ சுழலியைச் சாலைக்குக் கொண்டுவந்தது. முழு எஞ்சின் மட்டும் வரவே இல்லை. ஸ்வீடன் பொறியாளர் வைபுல் 1939இல் சொன்ன கணக்கு குறுக்கே நின்றது. சங்கிலியின் வலிமை அதன் மிகப் பலவீனமான கண்ணியில் இருப்பதுபோல, உறுப்பு பெரிதாகப் பெரிதாக அதில் ஒரு மோசமான குறை இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. சிறிய சிலிக்கான் நைட்ரைடு பந்து பேரிங்கில் அற்புதமாக உழைக்கும். எஃகுப் பந்தின் எடையில் பாதிக்கும் குறைவு, மின்சாரம் கடத்தாது. அதனால் மின்சார வாகன மோட்டாரில் பேரிங் வழியே கசியும் மின்னோட்டம் அதைப் பொத்தலிடாது. அதே பொருளில் பெரிய எஞ்சின் பாகம் செய்வது வேறு கதை. செராமிக் நிலைத்தது சிறியதாகவும், அழுந்தியும், உலோகத்தின் அணைப்பிலும் இருந்த இடங்களில்தான். போர்வெல் பட்டனும் அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் ஜவ்வாது மலைக்கு மேலேயே இந்த விதிக்கு ஒரு பெரிய விலக்கு நிற்கிறது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறி ஆலங்காயம் நோக்கிப் போகும் சாலையில் காவலூர். அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1960களில் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த வானியலாளர் வைணு பாப்பு 1982இல் மறைந்தார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி தொலைநோக்கிக்கு அவர் பெயரைச் சூட்டினார். அதன் முதன்மை ஆடி, ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் வார்த்த ‘ஜெரோடுர்’ என்னும் கண்ணாடி-செராமிக். பெங்களூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில், ஏ.பி. ஜெயராஜன் தலைமையில் அதைத் தேய்த்து மெருகேற்றினார்கள்.

இங்கே வேண்டியது வலிமையோ கடினமோ இல்லை, அசையாமை. பகலில் வெயிலும் இரவில் மலைக்குளிரும் மாறி மாறி வரும் இடத்தில், வெப்பம் 10 டிகிரி மாறினால் 2.34 மீட்டர் அகலச் சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய 210 மைக்ரான் விரியும். எல்லா இடமும் ஒரே சீராக விரிந்தால்கூடச் சமாளிக்கலாம். ஆனால் விளிம்பு சீக்கிரம் ஆறும், நடு மெதுவாக ஆறும். ஆடியின் மேற்பரப்போ ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பின்னத்துக்குள், அதாவது மைக்ரானில் நூற்றில் சில பங்குக்குள் சரியாக இருக்க வேண்டும். அது குலைந்தால் விண்மீன் புள்ளியாக விழாது, கறையாகத்தான் விழும்.

ஜெரோடுர் இதைத் தீர்த்த விதம், சிர்கோனியாவைவிட எனக்குப் பிடித்தது. முதலில் லித்தியம், அலுமினியம், சிலிக்கான் ஆக்சைடுகள் கலந்த கண்ணாடியாக அது வார்க்கப்படுகிறது. பிறகு நெடுநாள் மெதுவாகச் சூடாக்க, கண்ணாடிக்குள் 50 நானோமீட்டர் அளவில் படிகங்கள் முளைத்து, எடையில் முக்கால் பங்கை நிரப்புகின்றன. அந்தப் படிகங்களுக்கு ஒரு விசித்திரக் குணம், சூடேறினால் சுருங்கும். மிஞ்சிய கண்ணாடி வழக்கம்போல விரியும். இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, மொத்தம் அநேகமாகப் பூச்சியம். அதே 10 டிகிரி மாற்றத்துக்கு ஆடி விரிவது ஒன்றிரண்டு மைக்ரான்தான். 1968இல் உருவான இந்தப் பொருளின் உறவினரைத்தான் நகரத்து வீடுகளில் மின் அடுப்பின் கறுப்புத் தட்டாகப் பார்க்கிறோம். குளிர்ந்த நீர் தெளித்தாலும் அது வெடிக்காததற்குக் காரணம் இதே கழித்தல்.

தமிழ்நாட்டில் உயர்தொழில் செராமிக் கற்க அண்ணா பல்கலைக்கழகத்தில் தனித் துறை இருக்கிறது. விருத்தாசலத்தில் செராமிக் தொழில்நுட்பக் கல்வி நிலையமும் உண்டு. கல்பாக்கத்தில் 1985 அக்டோபர் 18 அன்று இயங்கத் தொடங்கிய வேக ஈனுலைச் சோதனை உலை, யுரேனியம்-புளூட்டோனியம் கார்பைடு என்ற செராமிக்கை எரிபொருளாகக் கொண்டது. மணவாளக்குறிச்சியில் தாய்மணல், ஓசூரில் சூளை, கல்பாக்கத்தில் உலை என்று எல்லாம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் நம் பேச்சில் பீங்கான் என்றால் இன்னும் தேநீர்க் கோப்பையும் குளியலறைத் தொட்டியும்தான். பள்ளிப் பாடத்தில் உலோகங்களுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குகிறோம்; செராமிக்குக்கு அந்த அளவு இடம் கிடைப்பதில்லை. மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்க ஆய்வகம்கூட வேண்டாம். போர் வண்டி வந்து நிற்கும் வயலுக்கு அவர்களை அழைத்துப்போய், கழற்றி வைத்த பிட்டைக் கையில் கொடுத்தால் போதும்.

அந்தப் பிட்டில் பட்டன்கள் தேய்ந்து முகம் தட்டையாகும்போது, வண்டிக்காரர்கள் வைரக் கிண்ணச் சாணையால் மீண்டும் அவற்றை உருட்டையாக்குகிறார்கள். ஒரு பட்டன் உடைந்துவிட்டால் அதன் சில்லுகள் குழிக்குள் கிடந்து மற்றப் பட்டன்களையும் உடைக்கும். அதனால் சத்தம் மாறிய உடனே கம்பிகளை மேலே இழுத்துப் பார்ப்பார்கள். மலைமேல் காவலூரில், ஆடியின் முகத்தில் உள்ள அலுமினியப் பூச்சு காற்றிலும் தூசியிலும் மங்கிவிடுகிறது. அப்போது ஆடியைத் தாங்கியிலிருந்து இறக்கி, பழைய பூச்சைக் கரைத்துக் கழுவி, வெற்றிடக் கலத்துக்குள் வைத்துப் புதிய அலுமினியத்தை ஒரு மெல்லிய ஆவியாகப் படியவிடுகிறார்கள். கழுவி முடித்து, பூச்சு ஏறுவதற்கு முன்னுள்ள அந்தச் சில மணி நேரம் மட்டும், ஜெயராஜன் குழு மெருகேற்றிய அதே பரப்பு வெறுமையாகத் தெரியும்.